குடங்களின் கோடையில் ஒரு வீட்டுப் பக்கம்

மாதம் இருமுறை வரும் பெண்கள் பத்திரிகை ஒன்றில் வீட்டைப் பற்றி எழுதுவது அவள் வேலை. அலமாரியை எப்படி அடுக்கினால் இடம் மிச்சமாகும், ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம், பழைய பட்டுப்புடவையின் கரையைத் திரைச்சீலைக்கு வைத்துத் தைப்பது எப்படி, குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய பிறகு கறுக்காமல் வைத்திருப்பது எப்படி என்றெல்லாம் எழுதுவாள். இரண்டு பக்கம், நான்கைந்து படங்கள். அதை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கும் வாசகிகள் உண்டு. சிறிய வேலை என்று அதை அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

2019 கோடை இதழ்களுக்குப் பால்கனித் தோட்டம் என்று முடிவாகியிருந்தது. படங்கள்கூட எடுத்தாகிவிட்டன. ஆனால் ஏப்ரல் முடிவதற்குள், மடிப்பாக்கத்தில் அவள் குடியிருந்த ஃபிளாட்டின் போர் காற்று வாங்க ஆரம்பித்தது. மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. மே மாதம் லாரித் தண்ணீர்தான் என்றானது. முன்பெல்லாம் காலையில் போன் செய்தால் மாலைக்குள் வந்துவிடும் தனியார் லாரி, நாலு நாள், ஒரு வாரம் என்று தள்ளிப்போனது. விலையும் இரட்டிப்பைத் தாண்டியது. குடியிருப்புச் சங்கத்தின் கூட்டத்தில் அதுவரை முகம் பார்த்துச் சிரித்தவர்கள், எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வீட்டில் வாஷிங் மெஷின் தினமும் ஓடுகிறது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2018இன் வடகிழக்குப் பருவமழை சென்னையில் வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்தால் பதினோராயிரம் மில்லியன் கனஅடிக்கு மேல் கொள்ளளவு. 2019 ஜூனில் அதில் ஒரு விழுக்காடுகூட நீர் இல்லை. 83 கோடி லிட்டர் தேவைப்பட்ட நகரத்துக்குக் குடிநீர் வாரியத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 52 கோடி லிட்டர்தான் கொடுக்க முடிந்தது. அதுவும் கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளும், 235 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் வீராணம் நீரும், சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரும் சேர்ந்துதான். சின்ன ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. ஐடி நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 2015 டிசம்பரில், இதே நகரம் அடையாற்று வெள்ளத்தில் மிதந்தது. அப்போது நிரம்பி வழிந்த செம்பரம்பாக்கம், இப்போது வெடித்துக் கிடந்தது.

அவளுடைய வீட்டுக்குப் பாத்திரம் கழுவவும் வீடு பெருக்கித் துடைக்கவும் வரும் அக்கா பெரும்பாக்கத்தில் குடியிருந்தார். அதற்கு முன் பல தலைமுறையாகச் சைதாப்பேட்டையில், ஆற்றங்கரையில் இருந்த குடும்பம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, கரையோரத்தில் இருந்த பலரையும் போல, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தெற்கே எழுப்பிய எட்டு அடுக்குக் குடியிருப்பில் கொண்டுவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளி மாற வேண்டியிருந்தது. சைதாப்பேட்டையில் நடந்தே போய்வந்த வீடுகளை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வேறு வீடுகள் தேட வேண்டியிருந்தது. மடிப்பாக்கத்துக்கு வந்தது அப்படித்தான்.

அந்த ஜூனில் ஒருநாள் அக்கா வழக்கத்தைவிட ரொம்ப நேரம் கழித்து வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "ராத்திரி ஒரு மணிக்கு லாரி வரும்னாங்க. குடத்தை வரிசையில வச்சிட்டுப் படிக்கட்டுலயே உக்காந்திருந்தோம். நாலு மணிக்குத்தாம்மா வந்துச்சு. லிஃப்டும் வேலை செய்யல" என்றார். நாலாவது மாடிக்குக் குடம் குடமாக ஏற்றிவிட்டு, பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வந்து இவள் வீட்டுத் தொட்டியில் கிடந்த பாத்திரங்களுக்கு முன்னால் நின்றார். குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது.

அதற்கு முன்னும் அவர் அந்தக் குழாயைத் தினமும் திறந்தவர்தான். ஆனால் அன்றைக்கு இருவருமே ஒரு கணம் அந்தத் தண்ணீரைப் பார்த்தார்கள். தன் வீட்டுக்கு இல்லாத தண்ணீரைக் கொண்டு இன்னொருவர் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவுவது என்றால் என்ன என்று அவளுக்கு அன்று புரிந்தது. அடுத்த இதழுக்கான கட்டுரையைக் கொடுக்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

பத்திரிகை அலுவலகத்தில் இரண்டு பேச்சு இருந்தது. ஆசிரியர் அம்மா, பால்கனித் தோட்டம் அப்படியே போகட்டும் என்றார். நாள் முழுக்கத் தண்ணீருக்கு அலைந்த பெண்ணுக்கு ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிடம் கிடைக்கிறது. அந்த நேரத்திலாவது பச்சையாக எதையாவது பார்த்து மூச்சு விட்டுக்கொள்ளட்டுமே என்பது அவர் கட்சி. இளம் நிருபர் ஒருவருக்கோ வீட்டு அலங்காரப் பக்கம் என்ற பேச்சே கசந்தது. ஊரே குடத்தோடு தெருவில் நிற்கும்போது அந்த இரண்டு பக்கத்தையும் செய்திக்கு விட்டுவிட வேண்டும் என்று அவர் வாதாடினார். இரண்டு பேரும் வாசகியை நினைத்துத்தான் பேசினார்கள். ஆனால் இருவருமே வீட்டை ஒரு பக்கத்திலும் ஊரை இன்னொரு பக்கத்திலும் வைத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் நடந்த இடமே சமையலறையும் குளியலறையும்தான். கஷ்ட காலத்தில் வீட்டைப் பற்றி எழுதக் கூடாது என்பதை அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாசற்படியோடு நின்றுவிடும் எழுத்துதான் கூடாது.

அவள் இப்படி நினைக்கத் தமிழில் முன்னோடிகளும் இருந்தார்கள். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்தத் தொடங்கியவர். குடும்பப் பெண்கள் விரும்பிக் கையில் எடுத்த பத்திரிகை அது. அதை நடத்தியவரோ விடுதலைப் போராட்டத்தில் மறியல் செய்து சிறைக்குப் போனவர். இரண்டையும் ஒரே பெண் ஒரே காலத்தில் செய்தார். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்தது 1951இல். சென்னை மாகாணத்தில் அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது அடுத்த ஆண்டுதான். அளந்து வாங்கிய அரிசியைக் கொண்டு சமைத்த பெண்கள்தான் அந்தப் புத்தகத்தின் முதல் வாசகிகள். சமையலைப் பற்றி எழுத இது நேரமா என்று யாராவது மீனாட்சி அம்மாளிடம் கேட்டிருந்தால், மூன்று தலைமுறைக்குக் கல்யாணச் சீராகப் போன புத்தகம் ஒன்று நமக்கு இல்லாமல் போயிருக்கும். பற்றாக்குறைக் காலத்தில் அளவு சொல்லிக் கொடுப்பவர்தான் முதலில் தேவைப்படுகிறார்.

அடுத்த இதழில் பால்கனித் தோட்டம் வந்தது. ஆனால் அது பெரும்பாக்கத்துத் தோட்டம்.

அக்காவின் வீட்டுக்கு அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தாள். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையலறை. வாசலுக்கு வெளியே நீளமான பொது நடைபாதை. அந்த நடைபாதைச் சிமெண்ட் தரையில், அக்காவின் கதவுக்கு முன்னால் மட்டும் சாக்பீஸால் போட்ட எட்டுப் புள்ளிக் கோலம். தண்ணீர் தெளித்துக் கோலமாவு போட வழியில்லை, அதனால் சாக்பீஸ். ஓரத்தில் பழைய பெயிண்ட் வாளியில் கற்பூரவல்லி, ஐஸ்கிரீம் டப்பாவில் வெந்தயக்கீரை, ஜன்னல் கம்பியில் கட்டிய கயிற்றில் ஏறிக்கொண்டிருந்த சங்குப்பூ. அரிசி களைந்த தண்ணீர் முழுக்க அவற்றுக்குத்தான். "களனித் தண்ணின்னா கீரைக்குத் தனி ருசி" என்றார் அக்கா. முதல் களனியை ஒரு பழைய சொம்பில் வடித்து வைத்து, புளித்த வாடை வரும் முன் வெயில் தாழ ஊற்றுகிறார். உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீரைச் செடிக்கு விடுவதில்லை. காய் கழுவிய தண்ணீர் கற்பூரவல்லிக்கு. துணி அலசிய கடைசித் தண்ணீர் கழிப்பறை வாளிக்கு. ஒரே குடம் நீரை மூன்று நான்கு வேலைக்கு நகர்த்திக்கொண்டே போகும் கணக்கு அவர் விரல் நுனியில் இருந்தது.

அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஏழையின் வீட்டை எழுதினால் ஒழுகும் கூரையை மட்டும் எழுதுவோம், பணக்காரர் வீட்டை எழுதினால் சோபாவை. அந்த நடைபாதைக் கோலத்தைப் பார்த்தவர்கள் அப்படிப் பிரிக்க மாட்டார்கள். ராத்திரியெல்லாம் தண்ணீருக்குக் காத்திருந்த அதே கைதான் விடிந்ததும் சாக்பீஸை எடுத்திருக்கிறது.

"வீட்டைப் போடு, என் பேரும் மூஞ்சியும் வேணாம்மா" என்று அக்கா சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள். படங்களுக்குப் பக்கத்தில், களனித் தண்ணீரை எப்படிப் பயன்படுத்துவது, சிறிய வாளியில் என்ன கீரை வரும் என்ற குறிப்புகள் வழக்கம்போல இருந்தன. அவற்றோடு, இந்த வாளிக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு, எத்தனை மாடி ஏறி வந்தது என்பதும் இருந்தது. அந்தக் குறிப்புகளை வெட்டி ஒட்டிவைக்க வேண்டுமென்றால் அந்த வரியையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். அப்படி அமைய வேண்டும் என்று அவள் வடிவமைப்பாளரிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

வாசகர் கடிதங்கள் இரு விதமாகவும் வந்தன. உங்கள் பக்கத்திலாவது தண்ணீர்க் கஷ்டம் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன் என ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அதை அவள் மதித்தாள். அடுத்தடுத்த இதழ்களில் பூத்தொடுப்பதும் மோர்க்குழம்பும் இடம்பெற்றன, ஒவ்வொரு குறிப்புக்கும் பின்னால் துயரத்தை ஒட்டவைக்கவில்லை. பக்கம் முழுக்கப் புலம்பலாகிவிட்டால் அதை யாரும் படிக்க மாட்டார்கள், படிக்காத பக்கத்தால் பெரும்பாக்கத்துக்கும் ஒரு குடம் தண்ணீர் வராது. எந்த இதழில் எதைச் சொல்வது என்பதை அவள் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

ஆர்.ஓ. மெஷினைப் பற்றி எழுதியபோது அலுவலகத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு லிட்டர் குடிநீர் எடுக்க அந்த மெஷின் இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்தக் குழாயின் நுனி நேரே சிங்கிற்குள் கிடக்கும். அதை ஒரு வாளிக்குள் திருப்பிவிட்டால் தரை துடைக்க, பாத்திரத்தின் முதல் அலசலுக்கு, கழிப்பறைக்கு ஆகும். உப்பு அதிகம் என்பதால் செடிக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்கு ஒரு வாளி வரை சேர்ந்துவிடும். அதில் உப்பில்லை, இஸ்திரிப் பெட்டிக்கு ஏற்றது. இதெல்லாம் எளிய வீட்டுக் குறிப்புகள்தான். ஆனால் அந்தக் கோடையில் இவற்றைச் சொல்வது குடிமைக் கடமையாகவும் இருந்தது.

தண்ணீர் லாரியைப் பின்தொடர்ந்து போனால் எங்கே போய் நிற்கும் என்பதையும் அவள் எழுத விரும்பினாள். காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து லாரிகள் இரவு பகலாக உறிஞ்சிக்கொண்டிருந்தன. தங்கள் கிணறு வற்றுவதைப் பார்த்த ஊர்க்காரர்கள் பல இடங்களில் லாரிகளை மறித்தார்கள். மடிப்பாக்கத்து ஃபிளாட்டில் ஒருவர் ஷவரில் குளித்த தண்ணீர், எங்கோ ஒரு கத்தரித் தோட்டத்துக்குப் பாய வேண்டிய தண்ணீர். குளியலறை பற்றிய கட்டுரையில் இதை எழுதியபோது, ஷவருக்குப் பதில் வாளியும் சொம்பும் வைத்துக்கொள்ளுங்கள் என்ற யோசனைக்குப் பக்கத்திலேயே காரணமும் நின்றது.

ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். வாழைமரமும் மாலையும் கட்டி வரவேற்றார்கள். நகரத்தின் ஒருநாள் தேவையோடு ஒப்பிட்டால் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஒரு பெருநகரத்தின் குடிதண்ணீர் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தண்டவாளத்தில் வந்தது என்பதைப் பார்த்த தலைமுறை அது. அதை மறக்காமல் இருக்க வேண்டும்.

மறதியை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். ஆகஸ்டில் அவர்கள் குடியிருப்பின் மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் திறந்தார்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003இல். அதற்குப் பயந்து அப்போது அவசரமாகக் கட்டிய தொட்டி. மேல் பலகையை இருவர் நெம்பித் தூக்கினார்கள். கூழாங்கல்லும் ஜல்லியும் மணலும் அடுக்கடுக்காக இருக்க வேண்டிய இடத்தில் கரிய சேறு இறுகிக் கிடந்தது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் தொட்டிக்கு வராமல், தெருவின் மழைநீர்க் கால்வாய்ப் பக்கம் திரும்பியிருந்தது. எப்போதோ பெயிண்ட் அடித்த சமயம் யாரோ திருப்பிவிட்டிருக்கிறார்கள். அத்தனை ஆண்டு மழையும் அந்த வழியாகக் கடலுக்குப் போயிருக்கிறது.

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் சென்னையின் சராசரி ஆண்டு மழையான சுமார் 1,400 மில்லிமீட்டர் விழுந்தால், 1.3 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி பத்துக்கு மேல். அதில் ஒரு பகுதி ஆவியானாலும் சிந்தினாலும் மிச்சம் பெரிது. மழைநீர் சேகரிப்புக்காக உழைத்துவரும் சேகர் ராகவன் இதை 1990களிலிருந்து வீடு வீடாகப் போய்ச் சொல்லிவந்தார். அவர் 2002இல் தொடங்கிய 'மழை இல்லம்' என்ற மையத்தில் யார் போனாலும் மாதிரிகளை வைத்து விளக்குவார்கள். அவள் எழுதிய 'தொட்டியைத் திறப்போம்' பக்கத்தில் அலங்காரம் என்று எதுவும் இல்லை. சேறு நிறைந்த குழி, கடப்பாறை, புது ஜல்லி, திருப்பி இணைத்த குழாய், இவ்வளவுதான் படங்கள். வீட்டுப் பக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான படம் வேறு இல்லை என்றுதான் இன்றும் அவள் சொல்கிறாள்.

அடுத்த ஆண்டு வேறு கஷ்டம். 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்ததும், வீட்டு வேலைக்கு வந்தவர்களைக் குடியிருப்புகள் உள்ளே விடவில்லை. எல்லா ஊடகங்களிலும் புளித்த மாவில் ரொட்டி சுடுவதும் காபியை நுரைக்க அடிப்பதும் ஓடிக்கொண்டிருந்தன. அவளும் சமையல் எழுதினாள். மே 5இல் கோயம்பேடு சந்தை மூடியபோது வற்றல், வடகம், பருப்புத் துவையல் என்று காய் இல்லாத சமையல்தான் பக்கத்தை நிறைத்தது. கூடவே, வேலைக்கு வர முடியாத மாதங்களுக்கும் சம்பளம் கொடுங்கள் என்று ஒவ்வொரு இதழிலும் ஒரே இடத்தில், ஒரே எழுத்தில் போட வைத்தாள். வீட்டு நிர்வாகம் என்ற தலைப்பில்தான் அது வந்தது. வீட்டுக் கணக்கில் பாலுக்கும் பேப்பருக்கும் இடம் உண்டென்றால் அதற்கும் உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையைச் சுற்றிய பகுதிகள் மீண்டும் மூழ்கின. குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் பெருகி, ஒருகாலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம் குறுகிக் கிடக்கிறது. 2022இல் அதில் எஞ்சிய பகுதிக்கு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. மடிப்பாக்கத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சதுப்பு நிலம்தான் மழைக்காலத்தில் இரண்டு ஊரையும் காப்பாற்ற வேண்டியது. வீட்டின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மீட்டர் பெட்டியை எங்கே மாட்டுவது, ஆதார் அட்டையையும் ரேஷன் கார்டையும் எந்த உறையில் போடுவது என்று எழுதும்போது, பள்ளிக்கரணையையும் சேர்த்தே எழுதினாள்.

அக்கா இன்னும் வேலைக்கு வருகிறார். அவருடைய பெண் கல்லூரி முடித்துவிட்டாள். பெரும்பாக்கத்தில் இப்போதும் சில நாட்கள் தண்ணீர் நேரத்துக்கு வருவதில்லை.

இதைப் படிப்பவர்களிடம் அவள் கேட்பவை சில. செப்டம்பர் முடிவதற்குள் உங்கள் வீட்டு மழைநீர்த் தொட்டியின் பலகையைத் தூக்கிப் பாருங்கள், மாடிக் குழாய் அதில்தான் வந்து விழுகிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணிடம் அவர் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள். அந்த நேரத்தை ஒட்டி உங்கள் வீட்டு வேலை நேரத்தை மாற்றி வையுங்கள். லாரிக்காக அவர் வராமல் போகும் நாளுக்குச் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.